தூரம் மாறவே இல்லை... டெல்லி - அமெரிக்கா விமானம் மட்டும் ஏன் சுத்திக்கிட்டே போகுது?

உங்கள் போனில் மேப்பைத் திறந்து, டெல்லி மேல் விரலை வையுங்கள். அங்கிருந்து நேர் வடக்கே, துளிகூட வளையாமல் விரலை இழுத்துக்கொண்டே போங்கள். இமயமலை தாண்டி, காரகோரம் தாண்டி, சீனாவின் சின்ஜியாங் தாண்டி ஒரு நகரம் வரும். அதன் பெயர் அல்மாட்டி. கஜகஸ்தானின் மிகப் பெரிய நகரம். இரண்டு ஏர்போர்ட்டுமே ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரி கிழக்கில் இருக்கின்றன. நடுவில் இருக்கும் தூரம் சுமார் 1,640 கிலோமீட்டர்.

இப்போது அதே டெல்லியிலிருந்து சென்னைக்கு இழுங்கள். சுமார் 1,760 கிலோமீட்டர்!

ஆமாம். டெல்லியில் இருப்பவருக்கு சென்னையைவிட வெளிநாட்டு நகரமான அல்மாட்டி பக்கம். ஆனால், 2025 ஏப்ரல் கடைசியில் இண்டிகோ நிறுவனம் தன் டெல்லி - அல்மாட்டி சேவையை நிறுத்தியது. காரணமாக என்ன சொன்னது தெரியுமா? 'எங்களிடம் இருக்கும் விமானங்கள் போய்ச்சேரக்கூடிய தொலைவைத் தாண்டிவிட்டது அந்த ஊர்.'

"அதெப்படி? நேத்து வரைக்கும் பக்கத்துல இருந்த ஊர் இன்னிக்கு எப்படித் தூரமாப் போச்சு?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். இரண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவே இருக்கும் தூரத்தை கூகுளில் தட்டினால் ஒரே ஒரு எண் வரும். அந்த எண் என்றைக்கும் மாறாது. ஆனால், நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கப்போகும் நேரத்தை அந்த எண் முடிவு செய்வதில்லை. மலை, காற்று, எரிபொருள், அரசியல் என நான்கு பேர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். அதில் கடைசி ஆளின் கைதான் சமீப வருடங்களில் ஓங்கிக்கொண்டே போகிறது.

நம்மூர் இளைஞர்கள் படிக்கவும் வேலைக்கும் கிளம்பும் டெல்லி - அமெரிக்கா வழித்தடத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

முதல் ஆள்: மலை

அல்மாட்டிக்குப் போகும் அந்த நேர்கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது கே2. 8,611 மீட்டர். உலகின் இரண்டாவது உயரமான சிகரம். "விமானம்தான் 10 கிலோமீட்டருக்கு மேல பறக்குமே, மலை என்ன பண்ணும்?" என்று தோன்றும்.

எல்லாம் சரியாக இருக்கும்வரை மலை ஒன்றும் பண்ணாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென குறைந்தால்தான் சிக்கல். அந்த நிமிடத்தில் உங்கள் தலைக்கு மேலே மாஸ்க் வந்து தொங்கும். அதில் ஆக்ஸிஜன் மணிக்கணக்கில் வராது. பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரம், இருபது நிமிடம், அவ்வளவுதான். அதற்குள் பைலட் விமானத்தை 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கியாக வேண்டும். அங்கேதான் மாஸ்க் இல்லாமல் மூச்சு விடலாம்.

திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டரை ஒட்டி வருகிறது. இறங்க வேண்டிய உயரத்தில் அங்கே காற்று இல்லை, பாறைதான் இருக்கிறது. அதனால்தான் இமயமலை - திபெத் பகுதிக்கு மேலே விமானங்கள் நெருக்கமாகப் பறப்பதில்லை. பறந்தாலும், 'பிரச்னை வந்தால் இந்தப் பக்கம் திரும்பு' என்று முன்கூட்டியே தப்பிக்கும் வழி போட்டு வைத்துக்கொண்டுதான் பறக்கின்றன. டெல்லியிலிருந்து வடக்கே போக வேண்டிய விமானமும் முதலில் மேற்கே திரும்பி, பாகிஸ்தான் வழியாக ஏறும். நம் வடக்கு வாசலுக்கு முன்னால் இயற்கை கட்டிய சுவர் இது. அந்தச் சுவரைச் சுற்றிப் போகும் பாதையில் பாகிஸ்தான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆள்: காற்று

டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு நேர் தூரம் சுமார் 12,380 கிலோமீட்டர். ஒரு உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டினால், அது வடதுருவத்துக்குப் பக்கத்தில் போகும். தட்டையான மேப்பில் பார்த்துப் பழகிய நமக்கு இது விநோதமாகத் தெரியும். ஆனால், உருண்டையில் அதுதான் குறுக்கு வழி.

இந்த வழித்தடத்தில் ஏர் இந்தியா 2015 டிசம்பரில் நான்-ஸ்டாப் சேவையைத் தொடங்கியது. முதலில் அட்லான்டிக் பக்கமாக, மேற்கு நோக்கிப் பறந்தது. அந்தப் பாதை சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் திடீரென பாதையைத் திருப்பி, கிழக்கே பசிபிக் கடல் வழியாகப் போக ஆரம்பித்தது. அது சுமார் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் அதிகம்! ஆனால், போய்ச்சேர்ந்த நேரம்? சுமார் பதினான்கரை மணி நேரம். பழைய பாதையைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் குறைவு.

தூரம் கூடினால் நேரம் எப்படிக் குறையும்? 15,300-ஐ 14.5-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1,055 கிலோமீட்டர் வருகிறது. பயணிகள் விமானம் தன் சொந்த பலத்தில் போகும் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் வாக்கில்தான். மிச்சத்தைக் கொடுத்தது காற்று.

விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறுபோல ஓடும் பலமான காற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். கிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். மேற்கே போகும் விமானத்தின் முகத்தில் அறையும். சைக்கிளில் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

2020 பிப்ரவரியில் புயல் நேரத்தில் வீசிய காற்றில் மாட்டிய... இல்லை, அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்ட ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச்சேர்ந்தது. வழக்கமாக ஆறிலிருந்து ஏழு மணி நேரம் ஆகும் பயணம் அது. இன்ஜின் மாறவில்லை, தூரம் மாறவில்லை. காற்று மட்டும்தான் மாறியது.

அதனால், உங்கள் டிக்கெட்டில் போகும்போது ஒரு நேரமும் வரும்போது வேறு நேரமும் போட்டிருந்தால், அது பிரின்டிங் மிஸ்டேக் இல்லை. இயற்கைக் கணக்கு.

மூன்றாவது ஆள்: எரிபொருள்

"சரி, கொஞ்சம் சுத்திப் போனா என்ன, கூடக் கொஞ்சம் பெட்ரோல் போட்டுக்க வேண்டியதுதானே?" பைக்குக்கு இந்த லாஜிக் சரி. விமானத்துக்கு இது பொருந்தாது. முதலில், அதில் ஊற்றுவது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருள். அதைவிட முக்கியம், அதன் எடை.

கூடுதலாக ஒரு டன் எரிபொருள் ஏற்றினால், அந்த ஒரு டன்னைச் சுமந்துகொண்டு போவதற்கே இன்னும் கொஞ்சம் எரிபொருள் செலவாகும். தூரம் கூடக்கூட, எரிபொருளைச் சுமக்கவே எரிபொருளை எரிக்கிற நிலை வரும். ஒரு கட்டத்தில் டேக் ஆஃப் எடை வரம்பு வந்துவிடும். அப்புறம் எரிபொருள் ஏற்ற வேண்டுமானால், எதையாவது இறக்கத்தான் வேண்டும். சரக்கை இறக்கலாம். அல்லது சீட்டைக் காலியாக விடலாம்.

இன்று நான்-ஸ்டாப் விமானங்களில் தூரத்துக்குப் பேர்போனது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சிங்கப்பூர் - நியூயார்க் சேவை. 15,300 கிலோமீட்டருக்கு மேல், 18 மணி நேரத்துக்கும் மேல். அதற்கென்றே தயாரான ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர் ரகத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். ஆனால், சீட்டுகள்? வெறும் 161. எகானமி கிளாஸே கிடையாது. முன்னூறு பேரை ஏற்றக்கூடிய உடம்பில் பாதிக் கூட்டத்தைத்தான் ஏற்றுகிறார்கள். மற்ற இடத்தின் விலையை அந்த 161 பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இப்போது புரிந்திருக்கும். 'ரெண்டு மணி நேரம் சுத்திப் போகணும்' என்று யாரோ முடிவு செய்தால், அது வெறும் ரெண்டு மணி நேரப் பிரச்னை இல்லை. சில விமானங்களால் அந்த ஊருக்கே போக முடியாமல் போய்விடும். அல்மாட்டிக்கு நடந்தது அதுதான்.

நான்காவது ஆள்: அனுமதி

வானத்துக்குச் சுவர் இல்லை. ஆனால், எல்லை உண்டு. 1944-ல் சிகாகோவில் உலக நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்தின் முதல் பிரிவே இதுதான்: ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலே இருக்கும் வான்வெளி, முழுக்க முழுக்க அந்த நாட்டுக்கே சொந்தம். 'என் வீட்டு மாடிக்கு மேலே பறக்காதே' என்று ஒரு நாடு சொன்னால், பறக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாடுகள் எப்போதும் எல்லோருக்கும் கதவைச் சாத்துவதில்லை. ஆள் பார்த்துச் சாத்துகின்றன.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் வான்வெளியில் ரஷ்ய விமானங்களுக்குத் தடை போட்டன. பதிலுக்கு ரஷ்யாவும் கதவைச் சாத்தியது. உலகின் மிகப் பெரிய நாடு, ஐரோப்பாவுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் நடுவில் படுத்திருக்கும் நாடு. அதன் விளைவை ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்தைக் கேட்டால் தெரியும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம், வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் பறக்க வேண்டி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1983-ல் ஃபின்ஏர் இதே டோக்கியோவுக்கு முதன்முதலாக நான்-ஸ்டாப் சேவை தொடங்கியபோதும், சோவியத் வான்வெளியைத் தவிர்த்து, வடதுருவம் வழியாகத்தான் போனது. அப்போதும் ஏறக்குறைய 13 மணி நேரம்தான். நாற்பது வருடங்களில் இன்ஜின் மாறியது, நேவிகேஷன் மாறியது, சீட்டுக்கு முன்னால் டிவி வந்தது. பயண நேரம் மட்டும் பழைய இடத்துக்கே திரும்பிப்போனது.

அதே 2022-ல் நம் டெல்லி - சான்ஃபிரான்சிஸ்கோ வழித்தடத்தில் என்ன நடந்தது? இந்தியா மீது ரஷ்யாவுக்குக் கோபம் இல்லை. ஏர் இந்தியா ரஷ்யா மேலே பறந்தது. அமெரிக்க நிறுவனமான யுனைடெட்டால் முடியவில்லை. 2022 மார்ச்சில் தன் சான்ஃபிரான்சிஸ்கோ - டெல்லி, நியூவர்க் - மும்பை சேவைகளை அது நிறுத்தியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அறிவித்திருந்த சியாட்டில் - பெங்களூரு சேவை தொடங்காமலேயே போனது. அதே இரண்டு ஏர்போர்ட், அதே வானம். வால் பகுதியில் எந்த நாட்டு நிறுவனத்தின் பெயின்ட் என்பதுதான் வித்தியாசம்.

அந்த வசதிக்கும் ஒரு விலை இருந்தது. 2023 ஜூன் 6-ம் தேதி, டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா போயிங் 777 விமானத்தின் ஒரு இன்ஜினில் கோளாறு. இரண்டு இன்ஜின் விமானங்கள், ஒன்று பழுதானால் குறிப்பிட்ட நேரத்துக்குள் போய் இறங்கக்கூடிய ஏர்போர்ட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டேதான் பாதை போடும். அந்தக் கணக்குப்படி விமானம் இறங்கிய இடம், ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இருக்கும் மகதான். 216 பயணிகள், 16 ஊழியர்கள். பயணிகளில் அமெரிக்கர்களும் இருந்தார்கள். இத்தனை பேர் தங்க வசதியான ஹோட்டல்கள் அங்கே இல்லை. தற்காலிக இடங்களில் தங்கவைத்தார்கள். மாற்று விமானம் வந்து ஜூன் 8-ம் தேதிதான் கிளம்ப முடிந்தது. எல்லோரும் பத்திரமாகப் போய்ச்சேர்ந்தார்கள். ஆனால், மேப்பில் வெறும் கோடாகத் தெரியும் பாதைக்குக் கீழே நிஜமான நாடுகள் இருக்கின்றன என்பது அன்றைக்குப் புரிந்தது.

2025: நம் பக்கம் திரும்பிய சக்கரம்

2022-ல் ஏர் இந்தியாவுக்குக் கிடைத்த லாபம், 2025-ல் திசை திரும்பியது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உறவு முற்றிலும் கெட்டது. ஏப்ரல் 24-ம் தேதி, இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது பாகிஸ்தான். ஏப்ரல் 30-ம் தேதி, பாகிஸ்தான் விமானங்களுக்கு இந்தியா மூடியது. 'ஒரு மாதத்துக்கு' என்று தொடங்கிய தடை, மாதாமாதம் நீண்டுகொண்டே போனது.

முதலில் சொன்ன சுவரை நினைத்துப் பாருங்கள். வடக்கே மலை. சுற்றிப்போகும் வழியில் பாகிஸ்தான். அதுவும் மூடிவிட்டால், டெல்லியிலிருந்து மேற்கே போக வேண்டிய விமானம் தெற்கே குஜராத் பக்கம் இறங்கி, அரபிக் கடலுக்குப் போய், அங்கிருந்து திரும்பி மேலே ஏற வேண்டும். தி.நகரிலிருந்து கோடம்பாக்கம் போக, தாம்பரம் போய் வருகிற கதை.

அடி யாருக்கு அதிகம்? பசிபிக் வழியாகப் போக வாய்ப்புள்ள சான்ஃபிரான்சிஸ்கோவைவிட, மேற்கே போயே ஆக வேண்டிய அமெரிக்கக் கிழக்குக் கரை நகரங்களுக்குத்தான். டெல்லி - வாஷிங்டன் நேர் தூரம் சுமார் 12,050 கிலோமீட்டர். சான்ஃபிரான்சிஸ்கோவைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால், பாகிஸ்தானைச் சுற்றிய பிறகு எரிபொருள் போதவில்லை. வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் வியன்னா போன்ற ஐரோப்பிய நகரங்களில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. கடைசியில், 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி - வாஷிங்டன் சேவையையே ஏர் இந்தியா நிறுத்தியது. போயிங் 787 விமானங்களைப் புதுப்பிக்க எடுத்துக்கொள்வதால் வந்த விமானப் பற்றாக்குறையையும், பாகிஸ்தான் வான்வெளி மூடலையும் காரணங்களாகச் சொன்னது.

இதே நேரத்தில், வெளிநாட்டு நிறுவனங்கள் பாகிஸ்தான் மேலே வழக்கம்போலப் பறந்தன. தடை இந்திய விமானங்களுக்கு மட்டும்தானே! கஜகஸ்தானின் ஏர் அஸ்தானா போன்ற நிறுவனங்களுக்குப் பாதை திறந்தே இருந்தது. 2022-ல் அமெரிக்க நிறுவனங்கள் எப்படிக் கையைப் பிசைந்தனவோ, 2025-ல் இந்திய நிறுவனங்களும் அப்படியே.

பில் யார் கைக்கு வருகிறது?

2019-லும் இப்படி ஒரு மூடல் நடந்தது. பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு, பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை. அப்போது ஜூலை 2 வரைக்கும் ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. 2025 தடை ஒரு வருடம் நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் கூடுதல் செலவாகும் என ஏர் இந்தியா அரசுக்கு எழுதியதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது.

மூடியவருக்கும் லாபம் இல்லை. வான்வெளியில் பறக்க ஒவ்வொரு விமானமும் கட்டணம் கட்டும். 2025 ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரை அந்தக் கட்டணத்தில் பாகிஸ்தானுக்கு ஏற்பட்ட இழப்பு, அவர்கள் பணத்தில் 410 கோடி ரூபாய். இதையும் அவர்கள் நாடாளுமன்றத்தில்தான் சொன்னார்கள். தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிராளிக்குச் சகுனத்தடை செய்வது என்று நம்மூரில் சொல்வோமே, அதேதான்.

ஆனால், உங்கள் கைக்கு வரும் பில் இந்தக் கோடிகளில் இருக்காது. வேறு மாதிரி வரும். நேற்று நான்-ஸ்டாப்பாக இருந்தது இன்று ஒரு ஸ்டாப் ஆகியிருக்கும். கனெக்டிங் ஃப்ளைட்டுக்கு இரண்டு மணி நேர இடைவெளி இருக்கிறது என்று நம்பியிருப்பீர்கள், முதல் விமானமே ஒன்றரை மணி நேரம் லேட்டாக இறங்கும். சுகர் மாத்திரை நேரம் பார்த்துப் போடும் அம்மா, 'பதினஞ்சு மணி நேரம்தானே' என்று கிளம்பி, இருபது மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சேவை நிறுத்தப்பட்டால் போட்டி குறையும். போட்டி குறைந்தால் டிக்கெட் விலை எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குறுக்கே போகச் சொல்லலாமா?

இவ்வளவையும் படித்த பிறகு, 'அரசியலுக்காக எங்களை ஏன் சுத்தவிடணும்? ஓரமாப் பறந்து போயிடலாமே' என்று கோபம் வரலாம். அந்தக் கோபத்தோடு ஒரு தேதியையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2014 ஜூலை 17.

அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசியா ஏர்லைன்ஸ் எம்.ஹெச்.17 விமானம், கிழக்கு உக்ரைன் மேலே ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தார்கள். கீழே சண்டை நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வான்வெளி 32,000 அடி வரைக்கும் மூடப்பட்டிருந்தது. விமானம் பறந்தது 33,000 அடியில். விதிப்படி திறந்திருந்த பாதை. பல நிறுவனங்கள் தினமும் பறந்த பாதை. சுற்றிப் போனால் நேரமும் எரிபொருளும் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

2020 ஜனவரி 8-ல் டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம், 176 பேர். 2024 டிசம்பர் 25-ல் ரஷ்ய வான்வெளியில் சேதமடைந்து, கஜகஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்த அஜர்பைஜான் விமானம், 38 பேர். இந்தப் பட்டியல் பழைய கதை இல்லை.

1983 செப்டம்பர் 1-ல் பாதை தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரியன் ஏர் லைன்ஸ் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ்-ஸை பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் தருவோம் என்று அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. இன்று உங்கள் போனில் ஓலாவும் ஸ்விக்கியும் வழி கண்டுபிடிப்பதற்குப் பின்னால், அந்த 269 பேரும் இருக்கிறார்கள்.

ஆக, சண்டை நடக்கும் இடத்தைச் சுற்றிப் போகும் மூன்று மணி நேரத்தை நாம் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது, அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி டிக்கெட் விற்கும்போது வாய் திறக்காமல் இருப்பதைத்தான்.

டிக்கெட் போடும் முன் பாருங்கள்

இதில் பயணிக்கு உரிமை இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரலில் வான்வெளி மூடப்பட்டதுமே, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ விமான நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பாதை மாறியிருப்பதையும், பயண நேரம் கூடுவதையும், நடுவில் எரிபொருளுக்காக நிற்க வாய்ப்பிருப்பதையும் பயணிகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கூடும் நேரத்துக்கு ஏற்ப உணவு, தண்ணீர், மருந்துப் பொருள்கள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். யாரும் சொல்லவில்லையென்றால், நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

அதோடு இவற்றையும் கவனியுங்கள்.

* புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பயண நேரம் கணக்குப் போடாதீர்கள். கோடையில் டெல்லிக்கும் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அதிகாலை 4 மணிக்கு ஏறி, பதினைந்தரை மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் காலை 7 மணிதான் ஆகியிருக்கும். டிக்கெட்டில் மொத்தப் பயண நேரம் என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள்.

* 'நான்-ஸ்டாப்' வேறு, 'டைரக்ட்' வேறு. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது, அவ்வளவுதான். நடுவில் எங்காவது இறங்கி ஏறலாம்.

* டிக்கெட் விற்பவர் ஒருவர், விமானத்தை ஓட்டுபவர் இன்னொருவராக இருக்கலாம். எந்த நாட்டு நிறுவனம் ஓட்டுகிறது என்று பாருங்கள். எந்த வான்வெளி திறந்திருக்கிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

* விமானங்களை லைவ்வாகக் காட்டும் ஆப்களில் உங்கள் விமான எண்ணைத் தட்டி, கடந்த ஒரு வாரம் அது உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது என்று பாருங்கள். அட்டவணை சொல்வதைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

* கனெக்டிங் ஃப்ளைட்டை ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். தனித்தனியாக வாங்கினால் கொஞ்சம் மிச்சமாகலாம். முதல் விமானம் லேட்டானால், இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

* வயதானவர்களை அனுப்பினால், மாத்திரைகளைக் கைப்பையில் ஒரு நாள் கூடுதலாகவே வையுங்கள். மகதானில் இறங்கிய 216 பேரில் யாருமே அன்று காலை அதை எதிர்பார்த்துக் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் இன்னொரு செய்தி வெளியிட்டது. பாகிஸ்தான் வழி இல்லாததால், சீனாவின் சின்ஜியாங் மேலே பறக்க அனுமதி வாங்கித் தரும்படி ஏர் இந்தியா, இந்திய அரசிடம் கேட்டிருப்பதாக. ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் இன்னொருவர் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். இன்று திறக்கலாம், நாளை அவரும் சாத்தலாம். 2022-ல் அமெரிக்கர்களுக்கு நடந்தது 2025-ல் நமக்கு நடந்தது, நாளை யாருக்கு என்று சொல்ல முடியாது.

அடுத்தமுறை இரண்டு ஊருக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தேடும்போது, வரும் கிலோமீட்டரை அப்படியே நம்பலாம், அது மாறாது. அதற்குக் கீழே மணி நேரம் என்று ஒன்று போட்டிருக்கும் பாருங்கள், அதை மட்டும் கிளம்புவதற்கு முதல் நாள் இன்னொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.